ஒரு சாண்

சீனக்குடா. விடிய ஐந்தே முக்கால்.
மாவாலையின் தவிட்டு வாசம்
ஓடுபாதை கடந்து வந்து நிற்கிறது.
கதவை நாலு தள்ளில் திறக்கிறேன்.
உள்ளே, மூக்கை என் பக்கம் நீட்டியபடி
நாலு பேர் ஏறும் விமானம்.
இடுப்பளவு உயரத்தில் செட்டைகள்,
இரவு முழுக்க யாரும் தொடாத குளிர்.

இழுவை வண்டிக்குப் பதிவேட்டில் ஒரு எண் உண்டு.
நாங்கள் கூப்பிடுவது கெளுத்தி என்று.
தரையோடு தரையாய்க் கிடக்கும்,
இரண்டு மீசைக் கம்பி,
எதையாவது கவ்வக் காத்திருக்கிற வாய்.

சாவி வெளியே. கைப்பிரேக் விட்டாச்சு.
சுக்கான் பூட்டைக் கழற்றி
சட்டைப் பைக்குள் போட்டேன்.
பிறகு வாலடிக்குக் குனிந்து போய்ப் பார்த்தால்
நேற்றுக் கட்டிய கயிறு
இன்னும் வளையத்தில்.
அதை அவிழ்த்தேன்.
அடைக்கட்டையைக் கடைசியாகத்தான் எடுப்பேன்,
கெளுத்தி கவ்விய பிறகு.
விசிறியில் கை வைக்கமாட்டேன்.
அணைந்திருந்தாலும் அது
தூங்குகிற நாயின் வாய்.

முன்சில்லுக் காலில் இரண்டு சிவப்புக் கோடுகள்.
அதற்குள் எவ்வளவும் திருப்பலாம்.
தாண்டினால் பெரிதாக ஒன்றும் கேட்காது,
சுள்ளி முறிகிற மாதிரி ஒரு 'டிக்'.
மூன்று நாள் கழித்து
எங்கோ இறங்கும்போது அது கதைக்கும்.

ஹில்மி இன்னும் வரவில்லை.
கிண்ணியாப் பாலத்தில் சைக்கிள் காத்துப் போச்சாம்.
கப்டன் ஜெறோம் வந்துவிட்டார்,
மணிக்கூட்டைத் தட்டிக்கொண்டு.
கச்சான் எழும்ப முதல் ரத்மலானை போகவேணும்.
"பத்தடிதானே, தங்கச்சி. இழும்."

பத்தடிதான்.
அந்தப் பத்தடிக்குள் ஒரு தூண் நிற்கிறது.
"இதுக்கு ரெண்டு செட்டை, கப்டன்.
எனக்கு ரெண்டு கண்.
ரெண்டும் சில்லில இருக்கும்.
ஆள் வேணும்."

அவர் என்னைப் பார்த்தார்.
தூரத்தில் கொழும்பு ரயில் ஊதியது.
பிறகு தொப்பியை இருக்கையில் போட்டுவிட்டு
இடது செட்டை நுனிக்குப் போய் நின்றார்.
வலப்பக்கம் வெறும் சுவர், எட்டடி தள்ளி.
"கையைத் தூக்கிப் பிடியுங்கோ.
கை இறங்கினா நான் நிப்பன்."

விசையை மெல்ல அழுத்தினேன்.
கெளுத்தி முனகியது.
எழுநூறு கிலோ
ஒரு பெருமூச்சு அளவு அசைந்து
நடக்கத் தொடங்கியது, பிணத்தின் பின்னால் போகிறவர் வேகத்தில்.
நான் பின்னுக்கு அடி வைக்கிறேன்.
கப்டனும் கூட நடக்கிறார்,
தன் செட்டை எங்கே முடிகிறது என்று
இன்றுதான் கண்டவர் போல.

மஞ்சள் கோட்டில்தான் போகிறேன்.
நூறு தடவை போன கோடு.
நாலாவது அடியில்
கை இறங்கியது.

விரலை எடுத்தேன். வண்டி நின்றது.
விமானம் இன்னும் கொஞ்சம் வர நினைத்து
கம்பியில் சாய்ந்து, நின்றது.

தூணில் ஒரு கொக்கி.
நேற்றுப் பின்னேரம் யாரோ
மணல் வாளி மாட்ட அடித்தது.
நீட்டிக்கொண்டிருந்தது, சரியாக இடுப்பளவில்.
தீக்குப் பாதுகாப்பாம்.
நுனி விளக்குக்கும் அதற்கும் நடுவில்
கப்டன் தன் கையை விரித்து வைத்தார்.
பெருவிரல் கண்ணாடியில்,
சின்ன விரல் இரும்பில்.
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
விரித்த கையை மடக்கவும் இல்லை
கொஞ்ச நேரம்.

ஓரடி பின்னுக்குத் தள்ளினேன்.
கொக்கியைத் திருகிக் கழற்றினேன்.
மிச்சம் ஆறடியும் அவர் கையைத் தூக்கியபடிதான் வந்தார்,
வெளியே வெட்டவெளி வந்த பிறகும்.

ஆறு ஐம்பதுக்குக் குடாவுக்கு மேலே திரும்பியது,
இடது செட்டையைத் தாழ்த்தி.
ஹில்மி வந்து "எடுத்திட்டியா?" என்றான்.
கெளுத்தியைச் சார்ஜில் போட்டேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
இடது தூண், கொக்கி, அகற்றப்பட்டது.

வாளி இன்னும் தரையில் இருக்கிறது.
அதற்கும் ஒரு இடம் பார்க்கவேணும்.